பேர் சொன்னவன் சாமான்

தமிழ்கூறும் நல்லுலகத்துக்கும், அதற்கப்பால் இரும்பு துருப்பிடிக்கும் சகல தேசங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: சேர்வராயன் மலையில் கண்டெடுக்கப்பட்ட, பேரும் ஊரும் தெரியாத புராதன மோட்டார் உறுப்பு ஒன்றை இன்னதென்று அடையாளம் காணும் வரலாற்றுச் சிறப்புமிக்க வைபவம், மாங்கனி மாநகர்ப் புராதன வாகனப் பேரவையின் நிறுவனத் தலைவர், 'சக்கரச் செம்மல்' தண்டபாணி அவர்களின் திருக்கரங்களால் ஏற்காட்டில் இனிதே நடந்தேறியது. பொன்னாடை போர்த்தப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றுவதாக இருந்து, இடம் போலீஸ் ஸ்டேஷன் முற்றம் என்பதால் கைவிடப்பட்டது.

பேரவை வெளியிட்ட குறிப்பில் ஒரு சிறு விவரம் விட்டுப்போயிருந்தது. அந்த உறுப்பை முதன்முதலில் தொட்டு அறிந்தது தலைவரின் திருக்கரம் அல்ல, காளியண்ணனின் மண்டை. இடது புருவத்துக்குச் சற்று மேலே.

காளியண்ணனுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. அடிவாரத்து லாரிப் பட்டறைகளில் ஸ்பேனர் பிடித்துப் பழகி, பிறகு மேலே வந்து, பஜாரிலிருந்து கீழே இறங்கும் சந்தில் தகரக் கொட்டகை போட்டுப் பழைய சாமான் வியாபாரம் தொடங்கியவர். கூட்டாளி வசந்த், அவருடைய தங்கை சுஜாதாவின் புருஷன். கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு. அதில் இந்த மூன்று பேரும் இருந்தார்கள். காளியண்ணனுக்கு ஒரு மனைவியும் இருந்தாள். அடி தாங்காமல் ஆத்தூரில் அம்மா வீட்டோடு போய்விட்டாள். போனவளைப் பற்றிக் காளியண்ணன் குறையாக எதுவும் சொன்னதில்லை. "அவளுக்குக் குளிரு ஒத்துக்கலீங்க" என்பார்.

மலையில் எஸ்டேட் பங்களாக்களின் பின்கட்டில் கார் ஷெட் என்று ஒன்று இருக்கும். துரைமார் விட்டுப்போன கார்களின் எலும்புகள் அங்கே கிடக்கும். பானெட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கோழி அடைத்திருப்பார்கள். கார் கதவு பன்றிக்கொட்டிலுக்குக் கதவாகியிருக்கும். சமவெளியில் நூல்மில்லிலும் ஜவ்வரிசி ஆலையிலும் நன்றாகச் சம்பாதித்துவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாத பெரிய மனிதர்கள் தாத்தா காலத்துக் காரை எழுப்பி உட்காரவைக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கு இந்த எலும்புகள் வேண்டும். எந்த எலும்பு எந்தக் காருடையது என்று சொல்லத் தெரிந்தவனிடம்தான் வாங்குவார்கள். சொல்லத் தெரியாதவனிடம் அது வெறும் இரும்பு.

அதனால் இந்தத் தொழிலில் பங்கு பிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. வாங்கி வந்த குவியலை நடுவில் கொட்டி, கூட்டாளிகள் எதிரெதிரே முக்காலி போட்டு உட்காருவார்கள். ஒவ்வொரு சாமானாகப் பேசின் தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, கம்பி பிரஷ் போட்டு, மேலே தூக்குவார்கள். இன்ன காரு, இன்ன இடம் என்று யார் முதலில் பேர் சொல்கிறானோ அவனுக்கு அந்தச் சாமான். மற்றவன் அடையாளம் கேட்கலாம். திருகு மரைக்குள் விரல் விட்டுப் பார்க்கலாம், கல்லில் தட்டிக் கேட்கலாம். சரியென்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டும். பேர் சொல்ல ஆளில்லாத சாமான் கிலோ கணக்கில் போய்விடும். இரண்டு பேரும் ஒரே மூச்சில் இரண்டு பேர் சொன்னால் என்ன செய்வது என்று அந்த வழக்கத்தில் எதுவும் இல்லை.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்மநத்தம் பக்கம் ஒரு பழைய எஸ்டேட்டின் ஷெட்டை இடித்ததில் கிடைத்த சாமானையெல்லாம் ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார்கள். மூடுபனி கொட்டகைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. தகரத்தில் தண்ணீர் சொட்டியது. உள்ளே சுஜாதா அரிசிம்பருப்புச் சோற்றுக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"ஃபோர்டு. கார்புரேட்டர் மூடி," என்றார் காளியண்ணன்.

"எடுத்துக்குங்க மச்சான். அதக் கேட்டு இப்ப யாரு அழுவறாங்க."

"செவ்ரலே. வைப்பர் மோட்டாரு."

"உள்ள காந்தமே இல்லியே மச்சான்."

"காந்தம் போனா மோட்டாரு இல்லாமப் போயிருமா மாப்பிள்ள? உனக்குந்தான் உள்ள ஒண்ணுமில்ல. உன்னைய மனுசன்னுதான சொல்றோம்."

வசந்த் சிரித்தான். அதுவரை நல்ல நாள்தான்.

குவியலின் அடியிலிருந்து அந்தச் சாமான் வந்தது. முழங்கை நீளம், நல்ல கனம். ஒரு முனை கவட்டைபோல் வாய் பிளந்திருந்தது. மறுமுனையில் எலுமிச்சம்பழம்போல ஒரு குண்டு. இறக்கும்போதே வசந்த் அதைப் போட்டோ எடுத்துப் பேரவைத் தலைவர் தண்டபாணிக்கு அனுப்பியிருந்தான். தலைவர் குரல் செய்தியில் பதில் தந்திருந்தார். "அபூர்வம். மிக மிக அபூர்வம். நான் நேரில் வரும்வரை அதை எவரும் தொடலாகாது." அதை இரண்டு பேருமே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருந்தார்கள்.

"ஆஸ்டின். ஸ்டீரிங் டிராப் ஆர்ம்."

"மோரிஸ். பிரேக் லிவரு."

ஒரே மூச்சில்.

"நாந்தான் முந்தி," என்றார் காளியண்ணன்.

"உங்களுக்கு ஆ-ன்னு வாயத் தொறக்கவே அரை நாளு ஆவும். நாந்தானுங்க முந்தி. சுஜாதா, யாரு முந்திச் சொன்னா?"

"எனக்குக் கடுகு வெடிச்சதுதானுங்க கேட்டுச்சு," என்றாள் சுஜாதா உள்ளேயிருந்து. அந்த வீட்டில் அது புத்திசாலித்தனமான பதில்.

"மோரிஸ நீ எங்க மாப்பிள்ள பாத்த? உங்கூர்ல மாட்டுவண்டிக்கே அச்சாணி கெடையாதே."

"எங்கூர்ல வண்டிக்குத்தான் அச்சாணி இல்லீங்க மச்சான். உங்க ஊட்ல பொண்டாட்டியே இல்ல."

காளியண்ணன் எழுந்து ஓர் அறை விட்டார். முக்காலியோடு வசந்த் பின்னால் சாய்ந்தான். அவன் எழுவதற்குள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, மண்ணெண்ணெய் பேசினுக்குள் அவன் முகத்தை அமுக்கினார். "ஆஸ்டின்னு சொல்றா. சொல்லு." மண்ணெண்ணெய்க்குள் முகம் இருப்பவன் எந்தக் காரின் பெயரையும் சொல்ல முடியாது. இதைக் காளியண்ணன் கவனிக்கவில்லை. கால் உதறியது. கை தரையைத் தடவியது. தடவிய கையில் அபூர்வமான அந்த உறுப்பு அகப்பட்டது.

வசந்த் பார்க்காமலேதான் வீசினான். விடலைத் தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம். பிடி விட்டுப்போயிற்று. தலையைத் தூக்கிய வசந்த், கண்ணெல்லாம் மண்ணெண்ணெய் எரிய, இன்னொரு தடவை வீசினான். இது பார்த்து வீசியது. காளியண்ணன் குவியல்மேல் சரிந்தார். புருவம் பிளந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த நொடி அதை ரத்தம் மூடிவிட்டது.

மூன்றாவது முறை ஓங்கும்போது சுஜாதா வந்துவிட்டாள். தாளிப்புக் கரண்டி கையிலேயே இருந்தது. கொதிக்கும் எண்ணெயோடு புருஷனின் மணிக்கட்டில் போட்டாள். அவன் அலறிக்கொண்டு சாமானைக் கீழே விட்டான். அண்ணனின் துண்டையே உருவி அவர் தலையில் கட்டினாள். துண்டு உடனே நனைந்தது. தன் முந்தானையைக் கிழித்து அதன்மேல் கட்டினாள்.

"வண்டிய எடுங்க."

"நானா?"

"பின்ன நானா ஓட்டறது? எடுங்கன்னு சொல்றேன்."

அந்த வீட்டில் ஓட்டத் தெரிந்த மிச்ச ஆள் அவன்தான். ஆக, அடித்தவன் ஓட்ட, அடிபட்டவர் பின்சீட்டில் தங்கையின் மடியில் கிடக்க, ஜீப் மலை இறங்கியது. மணிக்கட்டு வெந்து கொப்புளித்த கையால் வசந்த் கியர் மாற்றினான். பனியில் எதிரே வரும் பஸ் கிட்டத்தில்தான் தெரிந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் காளியண்ணனின் தலை ஒரு பக்கம் உருண்டது. அப்போதெல்லாம் அவர் விழித்துக்கொண்டார்.

"ஆஸ்டின்னு ஒத்துக்கறா."

"பேசாதீங்கண்ணா. ரத்தம் வருது."

"அவன ஒத்துக்கச் சொல்லு கண்ணு. நான் பேசல."

"மோரிஸுங்க," என்றான் வசந்த், ரோட்டைப் பார்த்தபடி. "மரையப் பாத்தீங்களா? மரையே பாக்காமப் பேசறீங்க."

"மரை பாத்தேன். தேஞ்சு போயிருக்குது."

"தேஞ்ச மரைய வெச்சு எப்படீங்க ஆஸ்டின்னு சொல்றீங்க?"

"நிறுத்துங்க ரெண்டு பேரும்," என்றாள் சுஜாதா. "இன்னொருக்கா அதப் பேசினா கதவத் தொறந்து நான் குதிச்சுருவேன்." அதன்பிறகு அடிவாரம் வரைக்கும் யாரும் பேசவில்லை. காளியண்ணனுக்கு நினைவு தப்பியிருந்ததும் ஒரு காரணம்.

சேலம் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். இடது கண்ணைப் பற்றி டாக்டர் எதுவும் உறுதி சொல்லவில்லை. அடிதடிக் காயம் என்று ஸ்டேஷனுக்குத் தகவல் போயிற்று. வசந்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்து, வந்த வழியே மேலே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஸ்டேஷனில் ஒரு சிக்கல் எழுந்தது. எழுதும் வேலை பார்த்த ரைட்டர் ஆண்டனி ராஜ், ஆயுதம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டார்.

"ஐயா, பேர் தெரியாத இரும்புத் துண்டுன்னு போட்டுக்கலாங்களா?"

"போடு. கோர்ட்ல வக்கீல் சிரிக்கட்டும்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "கத்தின்னா கத்தி, அருவான்னா அருவா. இது என்ன எழவு? டேய், இது என்ன, யாரோடது?"

வசந்த் பதில் சொல்ல யோசித்தான். யோசித்ததற்கு ஓர் அறை விழுந்தது.

"இங்க பாரு," என்றார் சப்-இன்ஸ்பெக்டர், கையை உதறிக்கொண்டு. "உன் சாமான்னா, நீயே கையில கொண்டு வந்து அடிச்சிருக்க. பெரிய செக்ஷன். கொலை முயற்சி. வருசக்கணக்கா உள்ள கெடப்ப. அவன் சாமான்னா, அவன் ஓங்கினத நீ பிடுங்கி அடிச்சிருக்க. சின்ன செக்ஷன். இன்னைக்கே ஊட்டுக்குப் போயிரலாம். சொல்லு, யாரோடது?"

வாகன இயல் இப்படித்தான் முன்னேறுகிறது. மண்ணெண்ணெய்க்குள் முகத்தை அமுக்கியும் வராத ஞானம் வசந்துக்கு ஒரே அறையில் வந்துவிட்டது.

"மச்சானோடதுங்க. ஆஸ்டின். டிராப் ஆர்முங்க."

மறுநாள் சுஜாதா கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் சேலம் இறங்கினாள். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பாதி முகத்தைக் கட்டு மூடியிருந்தது. கஞ்சியை ஆற்றி டம்ளரில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அண்ணா, போலீசு வந்து கேப்பாங்க. ஆஸ்டின்னு சொல்லிருங்க. என்னோட சாமான்னு சொல்லிருங்க. அவரை விட்டுருவாங்க."

"எது ஆஸ்டினு?"

"அந்தச் சாமானுங்கண்ணா. நீங்கதான முதல்ல சொன்னீங்க."

"அப்ப வெளிச்சம் பத்தல. படுத்துக்கிட்டு நல்லா யோசிச்சுப் பாத்தேன். மோரிசுதான். உம் புருசன் சொன்னதுதான் சரி. அவன் சாமான்தான்."

"அண்ணா, அவர் உள்ள போயிட்டா எங்கதி என்னங்க?"

"எங்கண்ணு போச்சேடி. அதுக்குக் கதி என்ன?"

"ஆஸ்டின்னு ஒரு வார்த்தைங்கண்ணா."

டம்ளர் அவள் மேல் பறந்து வந்தது. கழுத்திலும் தோளிலும் கஞ்சி சுட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி ஈரத்துணி கொடுத்தாள். சுஜாதா துடைத்துக்கொண்டு, தரையையும் துடைத்துவிட்டு, மீதிக் கஞ்சியை வேறு டம்ளரில் ஊற்றி அண்ணனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

முதல்நாள் இந்தச் சாமானுக்காக ஆளை முக்கியும் மண்டையைப் பிளந்தும் பேர் சொன்ன இரண்டு நிபுணர்களும் இப்போது ஒருவர் சாமானை மற்றவருக்கு மனமுவந்து விட்டுக்கொடுத்தார்கள். இரண்டு வாக்குமூலத்தையும் படித்த சப்-இன்ஸ்பெக்டர், "விஷயம் தெரிஞ்சவன் எவனாவது இருக்கானாய்யா?" என்றார். லாக்கப்பிலிருந்து வசந்த் தலைவர் தண்டபாணியின் பேரைச் சொன்னான். ரைட்டர் போன் போட்டார். அரசாங்கம் தன்னைக் கூப்பிடும் என்று தலைவர் எப்போதுமே எதிர்பார்த்திருந்தார்.

பேரவை திரண்டு வந்தது. எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி. தலைவர் தம்முடைய பச்சை நிற வோல்ஸ்லி காரில் வந்து இறங்கினார். அந்தக் கார் கடைசி வளைவு வரைக்கும் லாரி மேல் வந்தது என்பதையும், அங்கே பலகை போட்டு இறக்கி உறுப்பினர்கள் தள்ளிக் கிளப்பினார்கள் என்பதையும் பஜாரில் எல்லோரும் பார்த்தார்கள். பார்த்தவர்களும் ஸ்டேஷன் முற்றத்துக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள். சுஜாதா சில்வர் ஓக் மரத்தடியில் நின்றாள். கையில் வசந்துக்கான சோற்றுத்தூக்கு. கழுத்தில் கொப்புளம்.

மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சாமானை வைத்தார்கள். ரத்தம் காய்ந்து, துருவோடு துருவாக இருந்தது. தலைவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முகர்ந்தார்.

"இங்கிலாந்து இரும்பு," என்றார். "பிர்மிங்காம் மழை நெடி அடிக்கிறது."

"அது எங்க மச்சானோட ரத்தமுங்க," என்றான் வசந்த். அவனை விலங்கோடு வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"எப்படிப் பிடித்தாய்? குண்டு முனையையா, கவட்டை முனையையா? அதில் ஒரு தடயம் இருக்கிறது. பிடித்துக் காட்டு."

விலங்கைக் கழற்றினார்கள். வசந்த் சாமானைக் கவட்டைப் பக்கம் பிடித்துத் தூக்கினான். தூக்கியவன் தலைவரின் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றான்.  பேரவை ஓரடி பின்வாங்கியது. சப்-இன்ஸ்பெக்டர் லத்தியால் முழங்காலுக்குப் பின்னால் ஒன்று வைத்த பிறகுதான் அவன் அதைக் கீழே வைத்தான்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "கண்டுகொண்டேன். இது ஆஸ்டினும் அல்ல, மோரிஸும் அல்ல. இது வோல்ஸ்லி. அதோ நிற்கிறதே, அதே மாடல். என் பாட்டனார் இந்த மலையில் எஸ்டேட் வைத்திருந்தபோது அவருடைய காரிலிருந்து களவு போனது. நான் பிறந்த நாள்முதல் தேடிக்கொண்டிருக்கும் உறுப்பு. இது என் உடைமை. இதை இப்போதே என்னிடம் ஒப்படைக்குமாறு சட்டத்தை நான் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்."

கைதட்டல். ஓர் உறுப்பினர் போனில் படம் பிடித்தார். இன்னொருவர் பொன்னாடையைப் பிரித்தார்.

"ஐயா, ஒரு வார்த்தைங்க," என்றாள் சுஜாதா.

"என்னம்மா?"

"எங்க தொழில்ல ஒரு வழக்கமுங்க. பேர் சொன்னவங்களுக்குத்தான் சாமான். எங்கண்ணன் இது இவரோடதுங்கறாரு. இவரு இது எங்கண்ணனோடதுங்கறாரு. இது என்னோடதுன்னு வாய் தொறந்து சொன்னவரு தலைவரய்யா ஒருத்தர்தானுங்க. இத்தன பேரு கை தட்டினாங்க. படம்கூடப் புடிச்சிருக்காங்க. எழுதிக்குங்க."

 சப்-இன்ஸ்பெக்டர் மெதுவாகத் தலைவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப இந்த ஆயுதம் உங்களுதுங்களா?"

"ஆயுதமா? நான் உறுப்பைச் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க, இந்தா இருக்குதே. ரைட்டர், ஐயா பேரு, தகப்பனார் பேரு, விலாசம் எழுது. ஞாயித்துக்கிழமை எங்க இருந்தாருன்னும் கேளு. வண்டிய ஓரங்கட்டு. சாமானோட சேர்ந்த வண்டி, அதையும் கேசுல காட்டணும்."

தலைவர் மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தார். இந்த முறை முகரவில்லை.

"நன்றாகப் பார்த்தால்," என்றார், "இது கார் உறுப்பே அல்ல. ஏதோ உள்ளூர்ப் பட்டறையில் அடித்த இரும்பு. வாயில் கதவின் தாழ்ப்பாளாக இருக்கலாம். வெளிச்சம் மோசம். மூடுபனி."

"உங்களுது இல்லீங்களா?"

"எனக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது." படம் பிடித்தவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, "அதை அழிய்யா" என்றார். பிரித்த பொன்னாடை வீணாகக்கூடாது என்று சப்-இன்ஸ்பெக்டருக்குப் போர்த்தினார்கள். பச்சைக் காரைக் கிளப்ப யாருக்கும் பொறுமை இல்லை. லாரி வரைக்கும் தள்ளிக்கொண்டே போய்விட்டார்கள்.

ஆண்டனி ராஜ், 'பேர் தெரியாத, எவருக்கும் சொந்தமில்லாத, தரையில் கிடந்த இரும்புத் துண்டு' என்று எழுதினார். தரையில் கிடந்ததை எடுத்து அடித்தால் சின்ன செக்ஷன் என்று சப்-இன்ஸ்பெக்டர் தீர்மானித்தார். ஸ்டேஷன் ஜீப்பின் பிரேக்கைச் சரிபார்க்க வசந்தை விட்டால் மலையில் வேறு ஆள் இல்லை என்பதும் அந்தத் தீர்மானத்தில் இருந்தது. சொந்த ஜாமீனில் விட்டார்கள். சுஜாதா இரண்டு கையாலும் கும்பிட்டாள். சந்தில் இறங்கும்போது, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், புருஷனின் வெந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கொஞ்ச நாளில் காளியண்ணனையும் அனுப்பிவிட்டார்கள். இடது கண்ணுக்குப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அது இனி தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் மறுபடி ஒரே வீட்டில் இருந்தார்கள். சுஜாதா நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மத்தியானம், மழை விட்டிருந்தது. மச்சானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

"ஏன்டி," என்றான் வசந்த், எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "ஊரே கூடி நிக்கறப்ப, தலைவரு சாமான்னு எப்படிச் சொன்ன?"

"நீங்க வெளிய வரணுமேன்னுதானுங்க."

"அது மோரிஸ்."

"நீங்கதானுங்க ஸ்டேசன்ல ஆஸ்டின்னு சொன்னீங்க."

"எதுத்துப் பேசாத."

"அதில்லீங்க, நான்..."

"அவன் கேக்கறது நாயந்தான்," என்றார் காளியண்ணன், ஒற்றைக் கண்ணால் இலையைப் பார்த்தபடி. "தொழில்காரன் ஆயிரம் சொல்லிக்குவான். எங்களுக்குள்ள நாங்க வெட்டிக்குவோம், குத்திக்குவோம். நீ எப்படி நம்ம சாமானத் தூக்கி வெளியாளுக்குக் குடுப்ப?"

"கேட்டியா. உங்கண்ணனே சொல்றாரு."

மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவதை சுஜாதா அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.  "கொழம்பு ஊத்தட்டுங்களா?" என்று கேட்டுக் குனிந்தாள்.

வசந்த் எச்சில் கையை மடக்கிக் குத்தினான்.

முன்பல் ஒன்று போயிற்று. அதற்கு வழக்கு எதுவும் இல்லை.